நாலாம் பாடத்தோடு நின்ற பேக்கப்

கேரள எல்லையில் இருக்கும் எங்கள் கொல்லயில் ஊர்ப் பக்கம் ஐப்பசியில் துலாமழை தொடங்கினால் இடிக்குப் பஞ்சமே இல்லை. வேலை முடிந்ததும் டிவி, மிக்ஸி, கம்ப்யூட்டர் எல்லாவற்றின் பிளக்கையும் உருவிப் போட்டுவிடுவோம். இடி விழுந்த அன்றைக்கும் உருவித்தான் போட்டிருந்தேன். இன்டர்நெட் வயரை மட்டும் மறந்துவிட்டேன். இடி அந்த வழியாக வந்து கம்ப்யூட்டரை முழுசாகக் கொண்டுபோய்விட்டது.

என் மனைவி தன்யா பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறாள். அவளுடைய பிள்ளைகளுக்குத் தோதான கேள்வி பதில் தமிழில் கையில் கிடைக்காததால், தானே ஏழு பாடத்துக்கும் எழுதி, படம் வரைந்து டைப் செய்து வைத்திருந்தாள். கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்னால் அது பிள்ளைகள் கைக்குப் போக வேண்டும். புதன்கிழமை பிரிண்டுக்குக் கொடுப்பதாக இருந்தது.

எனக்குப் பெரிய பயம் இல்லை. வாரம் தவறாமல் பேக்கப் எடுத்து டிரைவை அலமாரியில் வைப்பது என் பழக்கம். கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷிபுவிடம் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, டிரைவை மாட்டினேன். பட்டியலில் மேலே முதலாவதாக இருந்த பேக்கப்பைத் தொட்டு ரிஸ்டோர் கொடுத்தேன். முடிந்தது என்று பச்சை டிக் வந்தது. தன்யா திறந்து பார்த்தால் நாலு பாடம்தான் இருக்கிறது. ஓணத்துக்குப் பிறகு அவள் அடித்த ஐந்து, ஆறு, ஏழு இல்லை.

திரும்பவும் செய்தேன். வயரை மாற்றினேன். கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் குத்திப் பார்த்தேன். எல்லாத் தடவையும் பச்சை டிக், எல்லாத் தடவையும் நாலு பாடம். ஷிபுவைக் கூப்பிட்டேன். அவன் வந்து வெகுநேரம் நோண்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அண்ணா, டிரைவுல என்னமோ கோளாறு உண்டு. ஓணத்துக்குப் பொறவு பேக்கப் ஒண்ணும் விழல்ல. ஆசைய விட்டிருங்க.”

தன்யா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வெள்ளைத் தாளை எடுத்துவைத்து, ஐந்தாம் பாடத்தை ஞாபகத்திலிருந்து எழுத ஆரம்பித்தாள். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

ஷிபு போன பிறகு சும்மா இருக்க முடியாமல் டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் என்று பார்த்தேன். கிட்டத்தட்ட நிறைந்து கிடந்தது. இந்த ஓணத்துக்கு நான் பார்த்தபோது பாதி காலி. ஒன்றும் விழவில்லை என்றால் மீதி இடத்தை எது தின்றது? இதைத் தன்யாவிடம் சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு வந்து மவுஸை வாங்கிக்கொண்டாள்.

நாங்கள் எல்லோரும் பட்டியலின் தலையைத்தான் பார்த்திருக்கிறோம். அவள் கீழே கீழே உருட்டினாள். போன வருஷம், அதற்கு முந்தின வருஷம், எல்லாம் தாண்டி அடிக்கே போனாள். அங்கே ஒரு கூட்டம் பேக்கப் ஒரே தேதியில் கிடந்தது. 2018 ஜனவரி ஒன்று.

“கொரோனா சமயத்துலயாக்கும் இந்த டிரைவே நாம வாங்கினது,” என்றாள். “பின்ன இது எப்பிடி பதினெட்டுல?”

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கம்ப்யூட்டருக்குள்ளே தேதியை நினைவு வைக்க, வாட்சுக்குப் போடுவது போல ஒரு சின்ன செல் உண்டு. தினமும் நாங்கள் பிளக்கை உருவ உருவ, இடியில் போன கம்ப்யூட்டரின் அந்தச் செல்தான் தேதியைத் தாங்கிக்கொண்டு கிடந்து தீர்ந்துபோயிருக்கிறது. பிறகு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கம்ப்யூட்டர், கம்பெனியில் வைத்து அனுப்பிய பழைய தேதிக்குப் போய் நிற்கும். பேக்கப்பும் அதே தேதியோடு விழுந்து, பழசிலும் பழசு என்று பட்டியலின் அடிக்குப் போயிருக்கிறது.

“தேதி தப்பாட்டு காட்டுதுண்ணு நான் சொன்னேன்லா? நீங்க கேட்டியளா?”

“கேட்டேன்,” என்றேன். “மாத்தல்ல.”

எல்லாம் ஒரே தேதி என்பதால் எது கடைசி என்று தெரியாது. ஒவ்வொன்றாகத் திறந்தோம். ஒன்றில் ஐந்தாம் பாடம் பாதி இருந்தது. இன்னொன்றில் ஆறு இருந்தது. பிறகு ஒன்றைத் திறந்தாள். தான் வரைந்த லென்ஸ் படம் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தாள்.

“ஏழும் உண்டு,” என்றாள். நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டாள்.

நான் ஷிபுவுக்குப் போன் போட்டேன்.

“எலே ஷிபு, டிரைவு சாகல்ல. உயிரோட இருக்கப்பட்ட ஆளுக்கு நீ அடக்கத்துக்கு நாள் குறிச்சிட்டுப் போயிருக்கே.”

அவன் சிரித்தான். அவனிடம் வாங்கிய கம்ப்யூட்டருக்கு இப்போதே புதுச் செல் போட்டுத் தருவதாகவும், காசு வேண்டாம் என்றும் சொன்னான்.

தன்யா என்னை மவுஸைத் தொட விடவில்லை. பாடங்களைப் பென்டிரைவில் ஏற்றினாள், தனக்கே மெயில் அனுப்பினாள், கூட வேலை பார்க்கும் ஜெஸி டீச்சருக்கும் அனுப்பினாள். புதன்கிழமை வரைக்கும் பொறுக்க முடியாது என்று அப்போதே ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள்; நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். ஷிபு கடைக்குப் பக்கத்தில் பிரிண்ட் எடுக்கும் இடத்தில் தாள் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவள் வரிசை மாறாமல் அடுக்கி, ஏழாம் பாடத்தின் கடைசிப் பக்கம் வந்ததும் தாள் கட்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“சூடாட்டு இருக்குது,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “காலத்தே எந்திச்சதுலயிருந்து ஒண்ணும் குடிக்கல்ல. வாங்க, ஒரு சாயா குடிப்போம்,” என்றாள்.