பவுனு நின்ற நாள்

புதுக்கோட்டையில் வக்கீல் ரெங்கராஜ் வீட்டு நாய்களைப் பார்த்துக்கொண்டவன் அன்னவாசல் பெரியகருப்பன். முயல் வேட்டைக்கு நாய் பழக்குவதில் கைராசிக்காரன் என்று பெயர். ஆனால் 1937-இல் வக்கீல் அவனிடம் கொடுத்த வேலை வேறு. திருச்சியில் துரைமார் நடத்தும் நாய்க் காட்சிக்காக, ஏழு மாதச் சிப்பிப்பாறைக் குட்டியை நிற்கப் பழக்க வேண்டும்.

"ஓடச் சொல்லிக் குடுக்கலாமுங்கய்யா. நிக்கிறதுக்கு என்னங்க பழக்கம்?"

"அதுதான்யா கஷ்டம். இறங்கிப் பாரு, தெரியும்."

தெரிந்தது. குட்டிக்குப் பவுனு என்று பெயர் வைத்தவள் பெரியகருப்பனின் மனைவி அழகி. பிள்ளையில்லாத அவள் மடியில்தான் அது பாதிப் பொழுது கிடக்கும். மீதிப் பொழுது ஓட்டம். துணி துவைக்கிற கல்லில் ஏற்றி, முன்கால்களை நேராக்கி, பின்கால்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து வைத்து, மோவாயை ஒரு கையால் ஏந்திப் பிடிப்பான். அவன் பத்து எண்ணுவதற்குள் காக்கை கரையும், பவுனு தாவிவிடும். காட்சியில் அந்நியர் வந்து பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களாம். அதற்காகத் தெருவில் போன வண்டிக்காரர்களையெல்லாம் கூப்பிட்டு அதன் வாயைத் திறந்து பார்க்கச் சொன்னான். பவுனு அவர்கள் முகத்தை நக்கியது. இரண்டு மாதம் கருவாட்டுத் துண்டைக் காட்டிக் கெஞ்சியும் முப்பது எண்ணும்வரைகூட அது நிற்கவில்லை.

காட்சிக்கு இரண்டு நாள் முன்பு குட்டி சட்டென்று அடங்கியது. கல்லில் ஏற்றினான், நின்றது. நூறு எண்ணினான், அப்படியே நின்றது. பெரியகருப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

அழகிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "ஏங்க, நேத்துலேருந்து பால்ல வாய வைக்கலீங்க. கண்ணுல பீளை வேற தள்ளுது. இந்தத் தடவை போகாட்டி என்ன?"

"வயிறு ஒட்டியிருந்தாத்தான் நல்லா எடுத்துக் காட்டும். புத்தி வந்து நிக்கிது, நீ பாட்டுக்கு எதையாச்சும் சொல்லாத."

திருச்சி மைதானத்தில் வெயில் கொளுத்தியது. பக்கத்து நாய்கள் இழுத்தன, குரைத்தன. பவுனு சிலைபோல நின்றது. பார்வையிட வந்த துரை பல்லைப் பார்த்தார், முதுகைத் தடவினார், இரண்டடி தள்ளிப் போய் நின்று வெகுநேரம் பார்த்தார். பின்காலைச் சரிசெய்யப் பெரியகருப்பன் குனிந்தபோது, குட்டியின் அடிவயிறு அவன் உள்ளங்கையில் அனலாகச் சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டான். நினைத்துக்கொள்ள விரும்பினான்.

குட்டிகளில் முதல் பரிசு பவுனுக்கு. வக்கீல் எல்லோர் எதிரிலும் அவன் தோளைத் தட்டினார்.

திரும்பி வரும் ரயிலில் பவுனு அவன் காலடியில் சுருண்டு படுத்தது. கீரனூரில் வண்டி நின்றபோது எழுப்பித் தண்ணீர் காட்டினான். எழுந்திருக்கவில்லை.

புதுக்கோட்டை மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனான். டாக்டர் அதன் கண்ணிமையை விலக்கிப் பார்த்தார். "காய்ச்சல் நாலஞ்சு நாளா இருக்கு. இந்தச் சீக்குக்கு மருந்து கெடையாதுப்பா. நீ கவனிக்கலையா?"

காட்சி முடிந்த ஒன்பதாம் நாள் காலை, அழகியின் மடியில் கால்கள் வெட்டி வெட்டி இழுக்க, பவுனு அடங்கியது. தோட்டத்து எலுமிச்சையடியில் அவனே குழி வெட்டினான். அழகி அவனை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ஆறு மாதம் கழித்து வக்கீல் இன்னொரு குட்டி வாங்கிவந்தார். நல்ல புத்திசாலிக் குட்டி. நாலே நாளில் நின்றது. அது அசையாமல் நின்றதும் பெரியகருப்பன் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தான். சூடு இல்லை. ஆனாலும் அதன் தொடையில் தட்டி ஓடவிட்டான். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் வக்கீல் அதைக் கண்டுவிட்டார்.

"என்னய்யா பண்றே? நல்லாத்தானே நின்னுச்சு!"

"நிக்கிறதப் பாக்க முடியலீங்கய்யா," என்றான் அவன். "வேற ஆளப் பாத்துக்கங்க."

அந்த வாரமே புருஷனும் பெண்டாட்டியும் அன்னவாசலுக்குப் போய்விட்டார்கள். கடலைக் காட்டில் கூலிக்குப் போனார்கள். முயல் வேட்டைக்கு யாராவது நாய் பழக்கக் கூப்பிட்டாலும் அவன் போகவில்லை.