மீதிப் பாதி

பக்தவச்சலத்தின் இடது காலைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. புண் இல்லை, வீக்கம் இல்லை, தழும்புகூட இல்லை. ஆனால் முழங்காலுக்குக் கீழே பாதம் வரைக்கும் அது வருடக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. டிரெய்லர் ஓட்டிக்கொண்டிருந்தவன் அவன். எண்ணூரில் ஒரு யார்டில் வண்டியில் லோடு ஏற்றும்போது கன்டெய்னர் நழுவிக் கேபினில் மோதியது. உள்ளே உட்கார்ந்திருந்தவனுக்கு முதுகெலும்பில் அடி. ஆபரேஷன் செய்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது. நசுங்கிய நரம்பு மட்டும் அடங்கவில்லை.

தண்டையார்பேட்டையில் அவனும் மனைவி ராஜாத்தியும் மட்டும் இருந்த அந்த ஒற்றை அறை வீட்டில், எல்லாமே அந்தக் காலைச் சுற்றித்தான் நடந்தது. லுங்கியின் ஓரம் உரசினால்கூடத் துள்ளுவான். ஈரத்துணியை இறுக்கிச் சுற்றினால் மட்டும் கொஞ்சம் தாங்கும். சாயங்காலமானால் ராஜாத்தி பக்கெட்டோடு வந்து உட்காருவாள். துணி சூடேறியதும் அவிழ்த்து நனைத்து மறுபடி சுற்றுவாள். சுற்றிக்கொண்டே தெருக்கதை சொல்லுவாள். சில நாள் வலி தாங்காமல் அவளையே திட்டுவான்.

"உன் வாய்ல வசம்ப வச்சித் தேய்க்க" என்று அவளும் திட்டிவிட்டுத் துணியை நனைப்பாள்.

2007இல் ஒரு டாக்டர் புது வழி சொன்னார். முதுகுத்தண்டை ஒட்டி மெல்லிய கம்பிகளை வைத்து, இடுப்புக்கு மேலே தோலுக்கடியில் ஒரு சின்ன பேட்டரியைப் பதிப்பார்கள். அதிலிருந்து வரும் மின்துடிப்பு, வலி மூளைக்குப் போகும் வழியில் குறுக்கே நிற்கும். கூட்டவும் குறைக்கவும் கையில் ஒரு ரிமோட். கம்பெனி இன்சூரன்ஸில் செய்துகொள்ளலாம்.

"வலி மொத்தமா போயிடும்னு நினைக்காதீங்க. பாதி குறைஞ்சாலே எங்களுக்கு அது வெற்றிதான்" என்றார் டாக்டர்.

அதை அவர் சொன்னபோது ராஜாத்தி கீழே டீ வாங்கப் போயிருந்தாள்.

முதலில் கம்பியை மட்டும் வைத்துச் சில நாள் சோதித்துப் பார்த்தார்கள். பிறகு பேட்டரியையும் உள்ளே வைத்துத் தைத்தார்கள். மெஷினைப் போட்டதும் காலில் எறும்புக் கூட்டம் ஊர்வது போல ஒரு குறுகுறுப்பு இறங்கியது. எரிச்சல் அதற்கு அடியில் போய்ப் பதுங்கியது. டிஸ்சார்ஜ் ஆன அன்று ஆஸ்பத்திரி வாசலிலிருந்து பஸ் ஸ்டாண்ட் வரை எங்கும் நிற்காமல் நடந்தான். ராஜாத்தி பின்னாலேயே அழுதுகொண்டு வந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு நல்லாயிட்டாரு" என்று தெரு முழுக்கச் சொன்னாள். அப்படி இல்லை, பாதிதான் என்று அவன் திருத்தியிருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

ஈரத்துணிக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பக்கத்து வீட்டுச் சொக்கம்மாள் ராஜாத்தியிடம், "உள்ள கரண்ட்டு ஓடுதும்மே. ஈரக் கையோட தொட்டுகினு நிக்காத, இழுத்துடும்" என்று சொல்லியிருந்தாள். அதெல்லாம் ஒன்றும் ஆகாது என்று டாக்டர் சொல்லியும் ராஜாத்திக்குப் பயம் போகவில்லை. பாயைச் சுவர் ஓரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். சாப்பாட்டுத் தட்டை அவன் கையில் கொடுக்காமல் தரையில் வைத்து நகர்த்தினாள். அவன் கவனித்தான். தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

மதார் சாகிப் அவனோடு டிரெய்லர் ஓட்டியவர். வலி இருந்த காலத்தில் வாரம் தவறாமல் சமோசா பொட்டலத்தோடு வந்து உட்காருவார். இப்போது ஒருமுறை வந்தார்.

"மாமு, சூப்பரா கீறியே! எப்போ வண்டி எடுக்கப் போற?"

"மெஷினு ஓடசொல்ல வண்டி ஓட்டக் கூடாதாம் பாய்."

"ஆஃப் பண்ணிட்டு ஓட்டு."

"ஆஃப் பண்ணா காலு எரியும். எரியுற காலால கிளட்ச்ச எப்டி மிதிக்கிறது?"

மதார் சாகிப்புக்கு அது விளங்கவில்லை. நல்லாகிவிட்டவன் எதற்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வி அவர் முகத்தில் நின்றது. அதற்கப்புறம் அவர் வருவது குறைந்து, நின்றே போனது.

ராஜாத்தி ராயபுரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் துணிக் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குச் சேர்ந்தாள். காலையில் டிபன் பாக்ஸோடு ஷேர் ஆட்டோ ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் திரும்புவாள். புதுத் தோழிகள் கிடைத்தார்கள். அவர்கள் சொன்ன ஜோக்கை வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பாள். இப்படிச் சிரிக்கிறவள் என்பதே அவனுக்கு மறந்து போயிருந்தது. பகல் முழுக்க அவன் தனியாக இருந்தான். நின்றால் குறுகுறுப்பு குறையும், படுத்தால் திடீரென்று கூடும். ரிமோட்டை அழுத்தி அழுத்திச் சரி செய்வதுதான் அவனுடைய வேலை.

ஒருநாள் காலை, அவள் கிளம்பிய பிறகு குடிதண்ணீருக்கான மெட்ரோ வாட்டர் லாரி வந்தது. ராஜாத்தி இல்லாத வீட்டுக்கு யார் தண்ணீர் பிடிப்பார்கள்? பாரம் தூக்கக் கூடாது, முதுகைத் திருப்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு குடம்தானே என்று தூக்கினான். இடுப்பில் வைக்கத் திரும்பியபோது முதுகுக்குள் ஏதோ இழுபட்டது. அடுத்த நொடி, காலில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகள் விலா எலும்புக்கு ஏறிவிட்டன. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சைச் சுற்றி வெட்டி வெட்டி இழுத்தது. ரிமோட்டில் என்ன அழுத்தினாலும் காலுக்கு இறங்கவில்லை. மெஷினை அணைத்தான். காலில் பழைய நெருப்பு முழுசாக எழுந்தது.

சாயங்காலம் ராஜாத்தி வந்து குடத்தைப் பார்த்தாள்.

"தண்ணி நீயா புடிச்ச?"

"ஆமா."

"பாத்தியா! எல்லாம் முடியுது உன்னால. நாந்தான் சும்மா பயந்துகினு கீறேன்."

அந்தச் சந்தோஷத்துக்குப் பிறகு அவனால் எப்படிச் சொல்ல முடியும்? நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தான். மறுநாள் அவள் சம்பளத்தில் அவனுக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள். அன்றும் சொல்லவில்லை. அப்படியே நாட்கள் ஓடின. அவள் போனதும் பழைய துணியைத் தேடி எடுப்பான். குனிந்து பாதத்தைத் தொட முடியாததால் துணியைத் தரையில் நனைத்துப் போட்டு அதன்மேல் காலை வைத்துக்கொள்வான். அவள் வருவதற்குள் துணியைக் காயவைத்து மடித்து வைப்பான். முகம் கழுவி, புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்காருவான். அவள் கம்பெனிக் கதையைச் சொல்லும்போது பல்லைக் கடித்துக்கொண்டே சிரிப்பான். முன்பு வலி என்று கத்துவதற்காவது ஆள் இருந்தது.

ஒரு மழை நாளில் கம்பெனிக்குள் தண்ணீர் புகுந்து, மத்தியானமே எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். ராஜாத்தி கதவைத் திறந்தபோது அவன் குழாயடியில் தரையில் கிடந்தான். ஓடும் தண்ணீருக்குக் கீழே கால். வாயில் துணியைக் கடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

"இன்னாய்யா ஆச்சு?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"கேக்குறன்ல, இன்னா ஆச்சு? மெஷினு ஓடுதா இல்லியா?"

"ஓடல. தண்ணிக் கொடம் தூக்குன அன்னிலேருந்து ஓடல."

ராஜாத்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடவை நனைவது அவளுக்குத் தெரியவில்லை.

"இத்தினி நாளா எங்கிட்ட நடிச்சிகினு கீறியா? நான் இன்னா பாவம் பண்ணேன்யா உனக்கு?"

"நீ சிரிச்சிகினு இருந்தம்மே. அத்தக் கெடுக்க மனசு வர்ல."

"போய்யா. நான் சிரிச்சது நீ நல்லாயிட்டன்னு. நீ ஒண்டியா இங்க துடிச்சிகினு கெடந்தா, அப்போ நான் யாரப் பாத்து சிரிச்சிகினு இருந்தேன்?"

குழாயை மூடிவிட்டு அவளே அவனைத் தூக்கி உட்கார வைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கம்பி இருந்த இடத்தை விட்டு நகர்ந்திருந்தது. இன்னொரு ஆபரேஷன் செய்து அதைச் சரியான இடத்தில் வைத்துக் கட்டினார்கள். புண் ஆறியதும் மெஷினை மறுபடி ஓடவைத்து அளவு பார்க்கக் கூப்பிட்டார்கள். ராஜாத்தி லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

"இப்ப வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டர்.

பக்தவச்சலம் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தான். பிறகு சொன்னான்.

"பாதி கீது சார். மொதல் தடவையும் பாதி இருந்துச்சு."

டாக்டர் தலையாட்டினார். அவருக்கு அது நல்ல செய்தி. ராஜாத்தி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாரிமுனையில் பஸ் ஏறினார்கள். ஜன்னல் ஓரத்தில் அவள் உட்கார்ந்தாள். பஸ் ராயபுரம் தாண்டியது. பிறகு கேட்டாள்.

"மீதி பாதி எப்பவும் கீதா?"

"எப்பவும் கீது."

"இப்பவும்?"

"இப்பவும்."

"எங்க?"

அவன் கணுக்காலிலிருந்து கெண்டைக்காலின் பாதி வரை விரலை நீட்டிக் காற்றில் கோடு போட்டுக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் இறங்கும் இடம் வரும்வரை பார்த்துக்கொண்டே வந்தாள்.

அவள் வேலையை விடவில்லை. விடுகிறேன் என்றபோது அவன்தான் வேண்டாம் என்றான். இப்போதெல்லாம் சாயங்காலம் வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "இன்னிக்கு எதுவரிக்கும்?" என்று கேட்பாள். அவன் விரலை நீட்டிக் காட்டுவான். சில நாள் அவளுக்கு அலுப்பாக இருக்கும், கேட்க மறந்துவிடுவாள். அவனும் சொல்லமாட்டான்.

பகல் மட்டும் மாறவில்லை. தெருவில் ஆண்கள் எல்லோரும் வேலைக்குப் போன பிறகு மெல்ல நடந்து மெயின் ரோடு வரை போவான். எண்ணூருக்குப் போகும் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும். டிரைவர்கள் கேபினில் சாய்ந்து தூங்குவார்கள். முன்பு பழக்கமான முகம் ஒன்றும் தென்படாது. கொஞ்ச நேரம் நின்று பார்ப்பான். வரிசை நகரும்போது ரிமோட்டில் குறுகுறுப்பைச் சற்றே கூட்டிக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்குத் திரும்புவான்.