வேறொருத்தியின் நாடி

மாடியில் இருந்த இரும்புக் கட்டிலின் கால் பலகைத் தரையில் தடதடவென்று அடித்தது. கீழே துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முழம் போட்டார்கள். சூலியா தெருவில் நல்ல வெயில். அந்த வெயிலில், இருந்த போர்வைகளையெல்லாம் போர்த்திக்கொண்டு, ஹாஜரா குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். அவளோடு கட்டிலும் நடுங்கியது.

தங்கை சலேஹா தரையில் உட்கார்ந்து கட்டில் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். அக்காளின் பிரசவத்துக்கு ஒத்தாசையாக இருக்க அக்கரையில் உள்ள பாகான் டாலாமிலிருந்து படகேறி வந்தவள். பெண் பிள்ளை பிறந்தது. அது நன்றாகத்தான் இருந்தது. தாய்க்குத்தான் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு ஒரு வாடையும் வந்தது. சாம்பிராணி போட்டால் இரண்டும் கலந்து இன்னும் மோசமாக இருந்தது. சலேஹாவுக்கு அந்த அறைக்குள் இருக்கவும் பயம், அக்காளை விட்டு வெளியே போகவும் பயம்.

பிரசவம் பார்த்த பீடான் காமாரியா முந்தின நாளே கையை விரித்துவிட்டாள். இது தன்னால் ஆகாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாள். ஹாஜராவின் மாமியார் ருக்கையா கேட்டுக்கொண்டாள். கொண்டுபோகவில்லை. அவள் கெட்டவள் அல்ல. மருமகளுக்குத் தன் கையால் கஞ்சி ஊட்டியவள். ஆனால் மகன் மீரா சாகிப் சரக்கெடுக்க நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறிப் போயிருந்தான். அவன் இல்லாத நேரத்தில் அவன் பெண்டாட்டியை அந்நிய ஆண்கள் தொடும் இடத்துக்கு அனுப்பினாள் என்று ஊர் பேசும். ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்றும் அவள் நம்பினாள். அதில் பாதி உண்மை. அந்தத் தெருக்காரர்கள் சாகக் கிடக்கும்போதுதான் அங்கே போனார்கள்.

கடைசியில் டிரெஸரை வீட்டுக்கு வரவழைக்க ஒப்புக்கொண்டாள். டாக்டருக்கு அடுத்தபடி வைத்தியம் பார்க்கும் அந்த டிரெஸரின் பெயர் வேதநாயகம். வீட்டுப் பெண்கள் திரைக்குப் பின்னால் இருப்பார்கள் என்று தெரிந்து, அவர் கூடவே அக்னஸ் என்ற நர்ஸையும் அழைத்து வந்தார். வெள்ளை உடுப்போடு அக்னஸ் மாடிப்படி ஏறியதும் ருக்கையா வழியை மறித்தாள்.

"இது யாரு?"

"நர்சும்மா. நான் இங்கயே நிக்கிறேன். இவங்க உள்ள போய் பார்க்கட்டும். பொம்பளதானே."

"ஆஸ்பத்திரியில கண்ட ஆம்பளைக்கும் பீ மூத்திரம் அள்ளுற கை. அந்தக் கையோட புள்ளப் பெத்த அறைக்குள்ள வரக் கூடாது. நீங்க வாங்க டிரெஸர் ஐயா. திரை போட்டிருக்கு."

"கை கழுவிட்டுத்தான்மா வருவேன்," என்றாள் அக்னஸ். "உங்க வீட்டு சவர்க்காரத்துலயே கழுவுறேன்லா. நீங்க பக்கத்துல நின்னு பாருங்க."

ருக்கையா நகரவில்லை. அக்னஸ் இறங்கிப்போய்க் கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதையில் நின்றாள். ஆக, திரைக்கு உள்ளே போகக்கூடிய பெண் தெருவில் நின்றாள். உள்ளே போகக் கூடாத ஆண் திரைவரை வந்தார். மரியாதையான வீடுகளில் அதுதான் வழக்கம். நோயாளியின் கை மட்டும் திரையின் இடைவெளி வழியாக வெளியே வரும். மணிக்கட்டின் மேல் மெல்லிய துணி கிடக்கும். வைத்தியர் அதன்மேல் விரல் வைத்து நாடி பார்ப்பார்.

ஆனால் ஹாஜராவால் திரைவரை வர முடியவில்லை. அவளைத் தூக்கப் பார்த்தார்கள், தலை தொங்கியது. டிரெஸர் உள்ளே நீட்டிய, காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயை அவள் வாயில் வைத்தால் அடிக்கும் பல்லில் நொறுங்கிவிடும். ருக்கையா அதைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தாள். வெளியே டிரெஸர் தொண்டையைக் கனைத்தார்.

ருக்கையா சட்டென்று திரும்பிக் கண்ணாடியைச் சலேஹாவின் வாயில் வைத்தாள். அவள் கையைப் பிடித்துத் திரைக்கு வெளியே நீட்டினாள். மருந்து வாங்கத்தானே கூப்பிட்டோம், கை யாருடையதாக இருந்தால் என்ன என்று காதோடு சொன்னாள். என் பெண்டாட்டியை எவன் தொட்டான் என்று நாளைக்குக் கேட்கப் புருஷன் இல்லாத குமரியின் கை அது.

சலேஹா திகைத்து நின்றாள். வாயில் கண்ணாடி. மணிக்கட்டில் ஓர் அந்நியனின் விரல். நெஞ்சு அடித்துக்கொண்டது. அதைத் தவிர அந்த உடம்பில் ஒரு கோளாறும் இல்லை.

"நாடி கொஞ்சம் வேகம், அவ்வளவுதான்," என்றார் வேதநாயகம், வெளியே வந்த கண்ணாடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து. "காய்ச்சல் இல்லையே. விட்டிருச்சு. பயந்திருக்காங்க, வேற ஒண்ணுமில்ல. தெம்புக்கு மருந்து அனுப்பறேன்."

ருக்கையா வாயைத் திறந்தாள். இல்லை, நெருப்பாய்க் கொதிக்கிறது என்று சொன்னால், அப்படியானால் இது யார் கை என்று அவர் கேட்பார். வாயை மூடிக்கொண்டாள். சலேஹாவும் பேசவில்லை. யாரும் அவள் வாயைக் கட்டவில்லை. பயம் போதுமாக இருந்தது. படிகளில் டிரெஸரின் சப்பாத்துச் சத்தம் இறங்கிப் போனதை இருவரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

மத்தியானம் நடுக்கம் அடங்கியது. ஹாஜரா கண்ணைத் திறந்து, யார் வந்தது என்று கேட்டாள்.

"டிரெஸர், லாத்தா," என்று அக்காளுக்குச் சொன்னாள் சலேஹா.

"என்ன சொன்னாரு?"

சலேஹா போர்வையை இழுத்துவிட்டாள். "ஒண்ணுமில்லைன்னாரு."

ஹாஜராவின் முகம் தெளிந்தது. "அப்ப நான்தான் சும்மா பயந்துட்டேன். இனி பொழைக்க மாட்டேன், மவுத்தாப் போறேன்னு நெனச்சேன் புள்ள. உன்னையும் தூங்க விடாமப் பண்ணிட்டேன்."

அவள் விரல்கள் போர்வையில் இல்லாத எதையோ பிய்த்துக்கொண்டிருந்தன.

சலேஹா எழுந்தாள். துப்பட்டியை இழுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டு, கடைக்காரர்கள் பார்க்க, துணை இல்லாமல் தெருவில் இறங்கினாள். பிறந்ததிலிருந்து அவள் செய்யாத காரியம். பின்னால் ருக்கையா அவள் பெயரைக் கூப்பிடுவது கேட்டது. ஒரு ரிக்‌ஷாவைக் கை காட்டி நிறுத்தி, தெரிந்த மலாயில் ஆஸ்பத்திரி என்றாள். வழியெல்லாம் ஊரே தன்னைப் பார்ப்பதாக அவளுக்குப் பட்டது. உண்மையில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் அக்னஸைத் தேடிப் பிடித்து அவள் சொன்னது ஒரே வாக்கியம்தான்.

"காலையில டிரெஸர் பிடிச்சது என் கை."

அக்னஸ் திட்டவில்லை. அதே ரிக்‌ஷாவில் ஏறி உட்கார்ந்தாள். இந்த முறை மாடிப்படியில் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை; ருக்கையாவும் மறிக்கவில்லை. அக்னஸ் கை கழுவினாள். ஹாஜராவின் வயிற்றைத் தொட்டாள், அடியில் இருந்த துணியை எடுத்துப் பார்த்தாள். வாடைக்கு முகம் சுளிக்கவில்லை. சலேஹா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு அசைவும் இல்லாத முகம். சலேஹாவுக்கு அதுதான் பயமாக இருந்தது.

"உள்ள நஞ்சு மிச்சம் தங்கி அழுகியிருக்கு," என்றாள் அக்னஸ். "தூக்குங்க."

நஞ்சுக்கொடியின் ஒரு துண்டு. ஆஸ்பத்திரியில் டாக்டர் அதை எடுத்தார். ஆனால் விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. மறுநாள் பிற்பகல், அஸர் தொழுகை நேரத்தில் ஹாஜரா இறந்துபோனாள். வேதநாயகம் வந்து ருக்கையாவின் முன்னால் நின்றார். முந்தின நாள் காலையிலேயே தெரிந்திருந்தால் முயன்று பார்த்திருக்கலாம், பிழைத்திருப்பாள் என்று தான் சத்தியம் செய்ய முடியாது என்றார். ஆறுதலாகச் சொன்னாரா, குற்றம் சாட்டினாரா என்று ருக்கையாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்துச் சலேஹா அதே ஆஸ்பத்திரியில் போய் நின்றாள். நர்ஸ் வேலை பழக வேண்டும் என்றாள். தகப்பனார் அப்துல் ஹமீது முதலில் கத்தினார், பிறகு அழுதார், பிறகு படகுத்துறைவரை கூட வந்தார். அக்னஸ் அவளைத் தனியே அழைத்துப் போய் ஏன் வந்தாய் என்று கேட்டாள். சேவை, கருணை என்று ஏதாவது சொல்வாள் என்று எதிர்பார்த்திருப்பாள்.

"பயமா இருக்கு அக்கா."

"பயந்தவங்களுக்கு இது வேலை இல்ல தங்கச்சி."

"வீட்டுல இருந்தா இன்னும் பயமா இருக்கு. யாருக்காச்சும் காய்ச்சன்னா, என்ன பார்க்கணும்னே தெரியாம நிப்பேன். அன்னிக்கு நின்ன மாதிரி. தெரிஞ்சுக்கிட்டு பயப்படுறேன்."

அக்னஸ் அவளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சிபாரிசு செய்தாள். பயம் போய்விடவில்லை. ஒவ்வொரு நெற்றியிலும் கை வைக்கும்போது சலேஹாவுக்கு உள்ளே நடுங்கியது. ஆனால் கை வைத்தாள்.

ஊர் சும்மா இருக்கவில்லை. பள்ளிவாசல் காரியங்களில் முன்னால் நிற்கும் அரிசி வியாபாரி ஷேக் அலாவுதீன், இன்னும் இருவரோடு ருக்கையாவின் கடைக்கு வந்தார். கப்பலிலிருந்து திரும்பி, மனைவி எங்கே என்று கேட்டு, பிள்ளையை மட்டும் கையில் வாங்கிக்கொண்ட மீரா சாகிப் கடையில் உட்கார்ந்திருந்தான். உங்கள் மாமனார் வீட்டுக் குமரி கண்ட நோயாளியையும் தொட்டுத் துடைக்கிறாளாம், நம் ஆட்களுக்கே தலைகுனிவு, உங்கள் தாயார் ஒரு வார்த்தை சொன்னால் அந்தப் பெண் கேட்கும் என்றார் அலாவுதீன்.

உள்கதவுக்குப் பின்னால் பேத்தியை மடியில் போட்டுக்கொண்டிருந்த ருக்கையா அதைக் கேட்டாள். எழுந்து வந்தாள். ஊர்ப் பெரியவர்களிடம் கதவுக்குப் பின்னால் நின்று பேசுவதுதான் வழக்கம். அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஒரு வார்த்த சொல்லணுமா? சொல்றேன். ஒரு நர்சு எங்க வீட்டு வாசலுக்கு வந்தா. கேவலம்னு தொரத்தினது நான். என் வீட்டு மானம் பத்திரமா இருக்கு அலாவுதீன் காக்கா, ஒரு கொறையும் இல்ல. மருமவதான் மண்ணுக்குள்ள இருக்கா."

மீரா சாகிப் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"உங்க மவளுக்கு இது எத்தனாவது மாசம்?" என்று அலாவுதீனைக் கேட்டாள் ருக்கையா. "நம்ம பொம்பளைங்கள அந்நிய ஆம்பள தொடக் கூடாதுன்னா, தொட்டுப் பார்க்கத் தெரிஞ்ச பொம்பள நம்மளுக்குள்ள வேணும். அந்த வேலையக் கேவலம்னு நாம சொல்லச் சொல்ல, நம்ம புள்ளைங்கதான் சாவும். சலேஹா படிக்கட்டும். உங்க மவளுக்கு வலி எடுக்கறப்ப ஆளனுப்புங்க, அவ வருவா. அப்ப வாசல்ல நிறுத்தாதீங்க."