மணிக்குப் பதினெட்டு லொறி

என்னைப் பார்த்தால் பொய் சொல்லக்கூடிய ஆள் என்று யாருக்கும் தோன்றாது. கண்ணாடி, நேர் வகிடு, சட்டைப் பையில் இரண்டு பேனா. பெயர் கதிர்காமநாதன். வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்திருந்தேன். வேலை, வீதித் திட்ட அலுவலகம் ஒன்றில் வாகனம் எண்ணுவது. சிரிக்க வேண்டாம், அப்படியும் ஒரு வேலை இருக்கிறது. சந்தியில் நின்று, போகும் வண்டிக்கு ஒரு கோடு இழுக்க வேண்டும். நாலு கோடு விழுந்ததும் ஐந்தாவதைக் குறுக்கே இழுத்துக் கட்ட வேண்டும். அவ்வளவுதான்.

தொண்ணூற்றெட்டில் களனி ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நகரசபை தன் நிலத் திட்டத்தை மாற்றப் போவதாக அறிவித்தது. குடியிருப்புக்கென்று ஒதுக்கியிருந்த பெரிய தென்னங்காணியைக் களஞ்சியங்களுக்கும் கொள்கலன் முற்றங்களுக்கும் விடப்போகிறார்களாம். முற்றம் அவர்களுக்கு, வரி அவர்களுக்கு. லொறிகள் மட்டும் துறைமுகத்துக்குப் போக ஆற்றுக்கு இந்தப் பக்கம், எங்கள் கொட்டாஞ்சேனைக்குள்ளால் வரவேண்டும். மறுப்புச் சொல்ல எங்கள் பக்கத்துக்கு ஒரு மாதத் தவணை இருந்தது. இப்போதே வீதி நிரம்பி வழிகிறது என்று எண்ணிக் காட்டினால் மறுக்கலாம். எண்ணுவதற்கு என்னை அனுப்பினார்கள்.

யுத்தம் நடந்த அந்த நாளில் கொழும்பு ரோட்டோரம் ஒரு தமிழன் நின்று, போகும் வண்டிகளையெல்லாம் தாளில் குறித்தால் என்ன நடக்கும் என்று அனுப்பியவர்கள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன். ஆனாலும் போனேன், வேலை வேண்டுமே.

காலை ஆறு மணிக்குக் கொட்டாஞ்சேனைச் சந்தியில் நின்றேன். எட்டு மணிக்குப் பொலிஸ் வந்தது.

"மொகத லியன்னே?" என்ன எழுதுகிறாய் என்று கேட்டான்.

அலுவலகக் கடிதத்தைக் காட்டினேன். அவன் கடிதத்தைப் பார்க்கவில்லை, அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்தான். யாழ்ப்பாணம். போதாதா? ரோட்டோரம் குந்தவைத்தான். அலுவலகத்துக்கு ரேடியோவில் கேட்டு, யாரோ யாரையோ கேட்டு, இரண்டு மணி நேரம் கழித்து "யன்ன", எழும்பிப் போ என்றான். போனான். போகும்போது, நாளைக்கு வேறு ஆள்தான் ட்யூட்டி, அவன் என்னைப்போல் நல்லவன் இல்லை என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

அவன் போன பிறகும் நான் குந்தியபடியே இருந்தேன். எதிரே தோசைக் கடை வைத்திருந்த சீனியம்மா ரோட்டைக் கடந்து வந்து என் கையைப் பிடித்தாள். பதுளைப் பக்கத் தோட்டத்திலிருந்து வந்தவள். அதற்கு முன் அவளை நான் கண்டதில்லை.

"வெளிய நிக்காதீங்க சார். அவனுங்க திரும்ப வருவானுங்க. உள்ள வந்து உக்காந்து எழுதுங்க. எழுதுற வேலதானே?"

உள்ளே போனேன். அடுப்படிக்குப் பக்கத்தில் உட்கார ஒரு மர வாங்கு. அங்கிருந்து பார்த்தால் நாட்காட்டி தெரியும், ரோட்டு தெரியாது. அன்று பின்னேரம் வரை அங்கே இருந்தேன். மறுநாளும் அங்கேயே இருந்தேன். காலையில் உண்மையாக எண்ணிய இரண்டு மணி நேரத்தில் முப்பத்தாறு லொறி. அதை வைத்து இரண்டு நாளையும் நிரப்பினேன். தாளில் ஒரு கட்டத்தில் பதினாறு, ஒரு கட்டத்தில் இருபது, சந்தேகம் வராதபடி கூட்டிக் குறைத்துப் போட்டேன். நான் எண்ணிய அன்று காலை களனிப் பாலத்தில் சோதனை, லொறிகளையெல்லாம் அந்தப் பக்கமே மறித்து வைத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். 'எண்ணியவர்' என்ற இடத்தில் கையெழுத்தும் போட்டேன்.

"என்ன கதிர், எண்ணி முடிஞ்சுதோ?" என்றார் எங்கள் பொறியியலாளர் நாகேந்திரம்.

"ஓம் சேர்."

"மணிக்குப் பதினெட்டுத்தானோ? நான் கனக்க எண்டெல்லோ நினைச்சனான்."

"அவ்வளவுதான் சேர்."

வீதியில் தாராளமாக இடமிருக்கிறது, பாதிப்பு சொற்பம் என்று அறிக்கை போனது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென்னைகள் விழுந்தன.

ஒரு வருடத்துக்குள் லொறிகள் வரத் தொடங்கின. வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கு முன் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போய், சீனியம்மாவிடம் தோசை தின்றுவிட்டுப் போவது எனக்குப் பழக்கமாகியிருந்தது. ரோட்டைக் கடந்து அவள் கடைக்குப் போக வரவரக் கூடுதல் நேரம் நிற்கவேண்டி வந்தது. ஒவ்வொரு முறையும் நெஞ்சு குறுகுறுத்தது. குறுகுறுத்த நெஞ்சோடு தோசையைத் தின்றேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை கடை பூட்டியிருந்தது. சீனியம்மாவின் புருஷன் சுடலைமுத்து, கைவண்டியில் மா மூட்டை தள்ளிக்கொண்டு சந்தியைக் கடந்தபோது கொள்கலன் லொறியின் பின்சக்கரம் ஏறிவிட்டதாம். உயிர் தப்பியது, வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வந்தபின் சீனியம்மா என்னைக் கேட்டாள். "சார், நீங்க ரோட்டு ஆபீஸ்ல இருக்கீங்க. கடைக்கு முன்னாடி ஆளுங்க ரோட்டக் கடக்க ஒரு மஞ்சக் கோடு போடச் சொல்லி எழுதிக் குடுங்க. பள்ளிக்கூடம் போற நேரத்துல லொறிய மறிக்கச் சொல்லுங்க. எங்களுக்குத்தான் ஆயிருச்சு, அந்தப் புள்ளைங்களாவது தப்பட்டும்."

எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. அப்படி எழுதினால் என் பாவம் கழிந்துவிடும் என்று நினைத்தேன் போலும், மடையன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு நான் போனபோது உறை பிரிக்காமல் எனக்காகக் காத்திருந்தது. கடிதம் சிங்களத்தில் இருந்தது. சீனியம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது.

"வாசிங்க சார்."

கண்ணால் ஓட்டிப் பார்த்தேன். கோடு போட முடியாது, நேரக் கட்டுப்பாடும் தேவையில்லை. காரணம், அவ்வீதியில் எண்ணிப் பார்த்த அளவில் மணிக்குப் பதினெட்டு லொறிகளே போகின்றன. என் பதினெட்டு. காசு இல்லையாம், அடுத்த வருடம் பார்ப்பார்களாம் என்று எதையாவது வாசித்துவிட்டிருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. வாய் வரைக்கும் வந்தது, சத்தியமாக வந்தது. ஆனால் அடுப்படியில் அதே வாங்கு கிடந்தது. உள்ளதை வாசித்தேன்.

"பதினெட்டா? எந்தப் படுபாவி சார் எண்ணுனான்?"

"நான்தான்."

அவள் சிரித்தாள். பகிடி என்று நினைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன், பாலத்துச் சோதனை, நாட்காட்டி, கூட்டிக் குறைத்துப் போட்டது. அவள் என்னைத் திட்டுவாள், கரண்டியால் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

அவள் வாங்கைப் பார்த்தாள். "நாந்தானே ஒங்கள உள்ள கூப்பிட்டு உக்கார வச்சேன்" என்றாள். "நாந்தானே சார்."

"ஐயோ, இல்லை. பிழை என்ரை. நீங்கள் என்னைக் காப்பாத்தினீங்கள்."

அவள் காதில் அது விழவில்லை. என் பாரத்தைக் கொண்டுபோய் அவள் தலையில் ஏற்றிவிட்டேன். பொய் எழுதிய நாளைவிட அந்த நிமிஷம் எனக்கு வெட்கமாக இருந்தது.

கடைக்கும் உள் அறைக்கும் நடுவே ஒரு பலகைத் தட்டிதான். அதற்குப் பின்னாலிருந்து சுடலைமுத்துவின் குரல் வந்தது.

"எத்தனன்னு நான் சொல்றேன் சார். படுத்த நாள்லருந்து அதானே வேல. பெரிய லொறி போனா கட்டில் ஆடும். காலைல ஏழுலருந்து எட்டுக்குள்ள எழுவதுக்குக் கொறையாது."

"நீங்கள் படுத்துக்கிடந்து எண்ணினதை அவங்கள் எடுக்க மாட்டாங்கள், அண்ணை."

"அப்ப நீங்க போய் நில்லுங்க. நானும் எண்ணுறேன். சரியான்னு பாப்போம்."

ஏழுக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. இப்படிப் புதிதாக எண்ணிய தாளைக் கொடுத்தால் பழைய தாள் பொய் என்று நாகேந்திரத்திடம் நானே சொல்லவேண்டும். வேலை நிச்சயம் போகும். பையிலிருந்து கட்டத் தாளை எடுத்துக்கொண்டு சந்தியில் போய் நின்றேன். ஏழு மணிக்கு முதல் கோட்டை இழுத்தேன்.

ஏழரைபோல் ஒரு பொலிஸ்காரன் வந்தான். புது ஆள். அதே கேள்வி. "லொறி எண்ணுகிறேன்" என்று சிங்களத்தில் சொல்லி, அட்டையையும் பையில் எப்போதும் கிடக்கும் அலுவலகக் கடிதத்தையும் நீட்டினேன். பிறந்த இடத்தை வாசித்தான். என்னை மேலும் கீழும் பார்த்தான். என்ன நினைத்தானோ, திருப்பித் தந்துவிட்டுப் போனான்.

எட்டு மணிக்கு உள்ளே போனேன். சீனியம்மா அடுப்பை மூட்டாமல் அதே இடத்தில் நின்றிருந்தாள்.

"எழுபத்தொண்டு" என்றேன்.

"எழுவத்தி மூணு சார்" என்றான் சுடலைமுத்து தட்டிக்குப் பின்னாலிருந்து. "ரெண்ட விட்டுட்டீங்க. அந்த பொலிஸ்காரன் ஒங்ககிட்ட பேசுற சத்தம் கேட்டப்ப ரெண்டு போச்சு."

அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும். அந்த நேரம் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, பொலிஸ்காரன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்றை வெட்டிவிட்டு எழுபத்து மூன்று என்று எழுதினேன். 'எண்ணியவர்' என்ற இடத்தில் சுடலைமுத்து என்று முதலில் எழுதி, கீழே என் பெயரைப் போட்டேன்.

பிறகு அலுவலகத்துக்குப் போக ரோட்டைக் கடப்பதற்காக நின்றேன். நீண்ட நேரம் நிற்கவேண்டியிருந்தது.