கைமாறிப் போன டிக்கெட்

எதிரே வந்த பேருந்தின் டிரைவர் தன் இடது தோளை இரண்டு முறை தட்டிக் காட்டிவிட்டுப் போனார். தோளில் பட்டை குத்தியவர்கள் வழியில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். அதாவது, செக்கர்கள்.

"தங்கச்சி, விருந்தாளிங்க வர்றாங்க. இலை போட்டு வை" என்றார் டிரைவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கண்டக்டர் டிக்கெட் மெஷினை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். வேலை நிரந்தரமாகும் உத்தரவு இந்த வாரம் வரவேண்டும். நடுவில் ஒரு மெமோ விழுந்தால் வராது. அவளும் அம்மாவும் படித்துக்கொண்டிருக்கும் தம்பியும் இந்த ஒரு சம்பளத்தைத்தான் நம்பியிருந்தார்கள்.

பேருந்தில் எள் விழ இடமில்லை. மழைக்குப் பயந்து ஜன்னல்களை வேறு மூடியிருந்தார்கள். குடைகளிலிருந்து சொட்டிய தண்ணீரும் வேர்வையும் கலந்து உள்ளே ஒரே புழுக்கம்.

"டிக்கெட், டிக்கெட்! யாரும்மா இன்னும் வாங்கல? அண்ணே, நீங்க? காமிங்க. சரி, சரி. கொஞ்சம் உள்ள போங்க சார், நடுவுல கல்யாணமே நடத்தலாம், அவ்ளோ இடம் இருக்கு!"

"மாப்பிள்ளைக்கு நிக்க இடம் கிடைக்குமா, கண்டக்டரம்மா?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. மற்ற நாளாக இருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

பயிற்சியில் முதல் நாளே சொல்லிக்கொடுத்த விதி ஒன்று உண்டு. டிக்கெட்டைப் பயணியின் கையில் கண்டக்டரே வைக்க வேண்டும். கைமாற்றி அனுப்பக் கூடாது. இத்தனை மாதமும் அவள் அதைத் தவறவிட்டதில்லை. இன்று அந்தத் தோள் தட்டல் அவளை ஆட்டிவிட்டது. பின்னாலிருந்து "ஆஸ்பத்திரி ஒண்ணு!" என்று காசு கைமாறி வந்தது. டிக்கெட்டைக் கிழித்தாள். ஒரு கை நீண்டது. முகத்தைக்கூடப் பார்க்காமல் அதில் திணித்து, "பின்னாடி குடுத்துடுங்க" என்றாள்.

மணிக்கூண்டு நிறுத்தத்தில் முன்வாசலில் ஒரு செக்கரும் பின்வாசலில் ஒருவரும் ஏறினார்கள். பின்னால் ஏறியவரைப் பார்த்ததும் டிரைவர் பெருமூச்சு விட்டார். டெப்போவில் அவருக்குச் சல்லடை என்று பெயர். அவர் கண்ணுக்குத் தப்பி ஒரு டிக்கெட்டும் போனதில்லை.

சல்லடை நான்காவது ஆளிடமே நின்றுவிட்டார். இரவுக் காவல் முடிந்து, கசங்கிய சீருடையோடு கம்பியில் சாய்ந்திருந்தார் ஒரு வாட்ச்மேன்.

"டிக்கெட்?"

"காசு குடுத்து அனுப்பினேன் சார். டிக்கெட் இன்னும் வந்து சேரல."

டிக்கெட் வாங்காமல் ஒளிந்து நின்றால் அபராதம் பயணியின் தலையில். காசு வாங்கிக்கொண்டு டிக்கெட் கொடுக்காவிட்டால், அது கண்டக்டரின் தலையில். மெமோவோடு கூட நிற்காது.

"குடுத்தேன் சார். சத்தியமா குடுத்தேன்" என்றாள்.

"யார்கிட்ட?"

அவளுக்கு நினைவில் இருந்தது முகம் அல்ல; கைதான். "வாட்சை உள்பக்கமாக் கட்டின கை சார்."

"அது என் கைதான்" என்று ஒரு நர்ஸ் மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். "நான் வாங்கிப் பின்னாடி குடுத்துட்டேன். ஒரு கை நீட்டுச்சு. யார்னு பார்க்கல சார், நானே ஒத்தக் கால்ல நின்னுட்டு இருந்தேன்."

"அந்தக் கை யாரோடது?"

சல்லடை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பின்னால் வந்து நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன.

"சார், ஆபீஸ் போகணும் சார், சீக்கிரம் முடிங்க!"

"அந்தம்மா மெஷினை ஒரு தட்டுத் தட்டிப் பாருங்க, உள்ளயே சிக்கியிருக்கும்!"

யாரோ சிரித்தார்கள். கண்டக்டர் சிரிக்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு மனசுக்குள், ஆண்டவனே, ஆண்டவனே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்குமேல் என்ன கேட்பது என்று தோன்றவில்லை. சல்லடை சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"என் கை சார்."

சொன்னவர் பெயிண்டர். முழங்கைவரை சுண்ணாம்புப் புள்ளிகள். நடுவில், இரண்டு பேரின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்தார். "நான்தான் அவங்ககிட்ட வாங்கினேன். இதோ, சீட்டுல இருக்காரே, இவர்கிட்ட குடுத்து அனுப்பச் சொன்னேன்."

சீட்டில் இருந்த தொப்பைக்காரர் பதறிப்போனார். "எங்கிட்டயா? என் கையிலதான் குழந்தை இருக்கே!" குழந்தையும் அவருடையதல்ல. நிற்க முடியாமல் தவித்த ஒரு தாய் அவர் மடியில் வைத்திருந்தாள்.

எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். அது வலது கையை மூடி வைத்துக்கொண்டு, கன்னம் உப்ப எதையோ சப்பிக்கொண்டிருந்தது.

"அடிப் பாவி மகளே!" என்று தாய் கையை ஓங்கினாள்.

"குழந்தையை அடிக்காதம்மா" என்ற சல்லடை, விரல்களை மெல்ல மெல்லப் பிரித்தார். ஈரக் கூழாக ஒரு தாள். அதன் ஓரத்தில், 'ஆஸ்பத்தி' என்பது வரை அழியாமல் இருந்தது. குழந்தை தன் சொத்து பறிபோனதைப் போல வீறிட்டது. பேருந்து முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

"வாயில போட்டதையும் கண்டுபிடிச்சுட்டாரே! சல்லடைனா சல்லடைதான்!" என்று டிரைவர் வாய்விட்டுச் சொல்லி, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சல்லடை பேனாவை மூடினார். கண்டக்டர் அப்போதுதான் கம்பியை விட்டாள்.

"அது சரி" என்று சல்லடை பெயிண்டர் பக்கம் திரும்பினார். "உங்க டிக்கெட்?"

பெயிண்டர் தன் செருப்பைப் பார்த்தார். "எடுக்கல சார்."

"ஏன்யா, நானும் உன்னை இன்னும் கேட்கலியே! பேசாம பின்பக்கமா இறங்கிப் போயிருக்கலாமே?" என்றார் முன்வாசல் செக்கர்.

"அப்படி நழுவத்தான் சார் நின்னேன். அந்தப் பொண்ணு முகத்தைப் பார்த்துட்டேன். கால் நகரல."

யாரும் சிரிக்கவில்லை. நல்லது செய்ய ஆள் தேடும் கடவுள், குற்றமே இல்லாதவரைத்தான் பிடிப்பார் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. கையில் அகப்பட்டவரைப் பிடித்துக்கொள்வார்.

கண்டக்டர் வாயைத் திறந்தாள். "சார், இவருக்கு வேணும்னா நான் இப்பவே டிக்கெட்..."

"கூடாதும்மா" என்றார் சல்லடை. குரலில் கடுமை இல்லை, மறுபேச்சுக்கு இடமும் இல்லை. பெயிண்டரிடம், "வாங்க, கீழ நின்னு எழுதிக்கலாம். ஜாக்கிரதை, படி வழுக்கும்" என்று முழங்கையைப் பிடித்து இறக்கினார். அதுவரை எந்தப் பயணியையும் அவர் அப்படிப் பிடித்து இறக்கி யாரும் பார்த்ததில்லை.

அவர்களுக்குப் பின்னால் வாட்ச்மேனும் இறங்கினார்; முன்வாசல் செக்கர் மீதி டிக்கெட்டுகளைப் பார்க்க உள்ளேயே நின்றுகொண்டார்.

"உங்களுக்கு ஆஸ்பத்திரி ஸ்டாப் இன்னும் தள்ளிப் போகணும்ணே!" என்றாள் கண்டக்டர்.

"தெரியும்மா. வீட்டுக்காரிக்கு மருந்துதான் வாங்கணும், மருந்துக்கடை ஓடிப் போயிடாது. அந்த ஆளு தனியா நிக்க வேணாம்."

இரண்டு விசில் கொடுத்தாள். பேருந்து நகர்ந்தது. பின்கண்ணாடியில் மழைத் தண்ணீர் வழிந்ததால், நடைபாதையில் நின்ற மூன்று பேரும் கலங்கித் தெரிந்தார்கள். பெயிண்டர் இவள் பக்கம் பார்த்து, போ, போ என்று கையாட்டியது போல இருந்தது. சல்லடையிடம் ஏதோ விளக்கியதாகவும் இருக்கலாம். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பது அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. உத்தரவு கிடைக்கும் என்ற நிம்மதி வந்த வழியிலேயே இதுவும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அடுத்த நிறுத்தத்தில் கூட்டம் மறுபடி ஏறியது. பின்னாலிருந்து காசு ஒன்று கைமாறி வந்தது.

"மார்க்கெட் ஒண்ணு! குடுத்து விட்டுடும்மா!"

"இல்ல சார்" என்று சொல்லிவிட்டு, டிக்கெட்டைக் கிழித்துக் கையில் பிடித்தபடி, முதுகுகளுக்கு நடுவே தோளைக் கொடுத்து நுழைந்தாள். "அங்கேயே இருங்க. நானே வர்றேன்."