முதுகில் தைத்த துணி

நான்சாங் விமானத் தளத்து அலுவலறைக் கதவை யெகோர் காலால் உதைத்துத் திறந்தான். ஜப்பானுடனான போரில் சீனாவுக்காகச் சண்டை போட ரஷ்யாவிலிருந்து தானாக முன்வந்த விமானி அவன். காலையில் அவனுடைய இரட்டைச் சிறகு விமானம் சுடப்பட்டு விழுந்தது. பாராசூட்டில் வயலில் இறங்கியவனை, ஜப்பான்காரன் என்று நினைத்து ஊரே மண்வெட்டியால் புடைத்துவிட்டது.

சட்டையைக் கழற்றி, அதன் முதுகில் தைத்திருந்த துணி தெரிய, தளத்துச் சீன அதிகாரியின் மேஜைமேல் வீசினான். 'உதவ வந்தவர், காப்பாற்றுங்கள்' என்று சீன மொழியில் எழுதியிருந்தது.

"கேப்டன் காவ், திரும்பித் திரும்பி இதைக் காட்டினேன்யா! காட்டக் காட்ட முதுகுலயே போட்டானுங்க. அந்த ஊர்ல ஒருத்தனுக்கும் படிக்கத் தெரியாது. உமக்குத் தெரியாதா அது?"

"அப்புறம் எப்படித் தப்பிச்சீங்க?"

"ஒரு கைக்கு மேல இன்னொரு கையை நீட்டி, ரெட்டைச் சிறகு மாதிரி காட்டினேன். நம்ம விமானம்னு புரிஞ்சதும் கட்டிப் பிடிச்சு அழுதானுங்க. அதையே படமா வரைஞ்சு தைக்க உங்களுக்கு என்னய்யா கேடு?"

காவ் தலைகுனிந்தார். மேலும் திட்ட வாயெடுத்த யெகோர் அப்படியே நின்றுவிட்டான். போன மாதம் இதே போன்றதொரு வயலில் கிடந்த சக ரஷ்ய விமானி ஸ்தெபானின் உடலிலும் காயமெல்லாம் முதுகில்தான் இருந்தது. எதிரிக்குப் பயந்து ஓடிச் செத்த கோழை என்று சவப்பெட்டி முன்னால் காறித் துப்பியவன் யெகோர்தான்.