நானூற்று முப்பது

பியானோவுக்குச் சுருதி கட்டுபவர் மறந்துபோன இசைக்கவை என் மேசையில்தான் கிடந்தது. எடுத்துக் கொடுக்கும்போது அதில் பொறித்திருந்த எண்ணைப் பார்த்தேன். 430.

"பியானோவுக்கு 440 தானே வழக்கம்?" என்றேன்.

"அந்தப் பியானோவுக்கா? நல்லா கேட்ட போ. இருநூறு வருஷத்துக்கு முந்தின மாதிரி அது. உள்ள முழுக்க மரச்சட்டம். அந்தக் காலத்துச் சுருதிக்குத் தணிச்சுதான் கட்டணும்." கவையைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "ஏம்மா, பேயைப் பாத்த மாதிரி நிக்கிற?"

"ஒண்ணுமில்ல."

அவர் போனபின் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

போன வாரம், வாடகைக்கு வந்த அந்தப் பியானோவில் வாசித்த பதிவை அளந்தபோது எல்லாச் சுரங்களும் ஒரே அளவு தணிந்திருந்தன. பதிவுக் கருவியில் பிழை என்று நினைத்தேன். இயற்பியல் படித்தவளுக்கு விகிதம் போடவா தெரியாது? 440-ஐ 430-ஆல் வகுத்து, மொத்தப் பதிவையும் சுருதி ஏறும்படி அந்த அளவு வேகமாக்கினேன். அறுபத்தொரு நிமிடத்தில் ஒரு நிமிடம் இருபத்துமூன்று நொடி குறைந்தது. கணக்கு சரியாக வந்ததில் மகிழ்ச்சிதான். யாரையும் கேட்கவில்லை. கேட்க வாய் திறக்க வேண்டுமே. வாசித்த அம்மாவுக்கே முந்தாநாள் அனுப்பியும்விட்டேன்.

இந்த ஒலிப்பதிவுக்கூடம் அத்தானுடையது. அக்கா கெஞ்சியதால்தான் என்னைச் சேர்த்துக்கொண்டார். "வாய் இல்லாட்டி என்ன, காது இருக்குல்ல" என்று சிரித்தார். இன்று வேறொரு பதிவுக்கு வெளியே போயிருக்கிறார். மூன்று மணிக்கு அந்த அம்மா வந்து சம்மதம் சொன்னால், நான்கு மணிக்கு இசைத்தட்டு அச்சுக்குப் போகும்.

மணி இரண்டே முக்கால். மூலப் பதிவு பத்திரமாக இருந்தது. அதே பெயரில் மாற்றி வைத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. மூலத்தை அதன் இடத்தில் ஏற்றத் தொடங்கினேன். திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. தொண்ணூற்றாறு சதவீதம். தொண்ணூற்றெட்டு.

கதவு திறந்தது.

அந்த அம்மா உட்காரவில்லை. பையைத் தோளிலிருந்து இறக்கவும் இல்லை.

"உன் அத்தான் எங்கம்மா?"

"நாலு மணிக்கு வருவார்."

"வந்தா சொல்லிடு. இதை வெளியிட வேண்டாம்."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன்.

"ரெண்டு நாளா கேட்டுக்கிட்டே இருக்கேன். மெதுவா போற இடத்துலகூட என்ன அவசரம் எனக்கு? சுருதிகூட ஏறிக் கேக்குது. காதும் போச்சு, கையும் போச்சு." விரல்களை நீட்டிப் பார்த்தார். "திரும்ப வாசிக்கலாம்னா பியானோவை எடுத்துட்டுப் போயிட்டாங்க. என் கை என் பேச்சைக் கேக்கலன்னா, நான் எதுக்கு வாசிக்கணும், சொல்லு."

பச்சைக் கோடு முடிந்திருந்தது. இப்போது பேசாமல் போட்டுக் காட்டலாம். கேட்டது எல்லாம் தன் பிரமை என்று நம்பிவிடுவார். நான் தப்பிவிடுவேன்.

"உங்க கை இல்ல" என்றேன்.

"என்னது?"

"நான்தான் வேகமாக்கினேன். சுருதி தப்புன்னு நினைச்சு."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

திரையை அவர் பக்கம் திருப்பினேன். "நீங்க வாசிச்ச மூலப் பதிவு அப்படியே இருக்கு."

"போடு" என்றார், நாற்காலியை இழுத்துக்கொண்டு.

மூலத்தில் மெதுவான பகுதியைப் போட்டேன். அந்தப் பியானோவுக்குக் காலடியில் பெடல் கிடையாது. சுரம் நீண்டு ஒலிக்க, பலகைக்கு அடியில் உள்ள நெம்புகோலை முழங்காலால் தூக்க வேண்டும். தூக்கும்போதெல்லாம் மரத்தில் மெல்லிய தட்டு ஒன்று கேட்கும். அந்தத் தட்டு வந்த இடத்தில் அவருடைய முழங்கால் மேசைக்கடியில் தானாக உயர்ந்தது. அடுத்த தட்டுக்கும் சரியாக உயர்ந்தது. தோளிலிருந்த பை நழுவித் தரையில் விழுந்ததை அவர் கவனிக்கவில்லை.

என் கைப்பேசி ஒலித்தது. அத்தான்.

"நான் சொல்லட்டுமா?" என்றார் அவர், கைப்பேசித் திரையைப் பார்த்துவிட்டு.

தலையாட்டி மறுத்தேன். எடுத்தேன்.

"என்ன ஊமைக்கோட்டான், சம்மதிச்சாங்களா?"

"அத்தான்" என்றேன். "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். முழுசா சொல்லி முடிக்கிற வரைக்கும் திட்டாம கேளுங்க."